மான்செஸ்டர் சிட்டியை வெளியேற்றிய சின்ன ஊர்: போலந்தின் கீழ் லீக்குகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலந்தின் கீழ் லீக் ஆட்டங்களைப் பின்தொடர்கிறேன் என்று சொன்னதும் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். தனித்தனியாகப் பதில் எழுதிக் கை வலித்ததால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். க்ரோஜிஸ்க் வியெல்கோபோல்ஸ்கி என்ற ஊரின் டிஸ்கொபோலியா கிளப்தான் இதில் அடிக்கடி தலைகாட்டும். சின்ன ஊர்க் கிளப்புக்கு நடக்கக்கூடிய நல்லது கெட்டது எல்லாம் அதற்கு நடந்துவிட்டது.

போலந்து ஃபுட்பால்னாலே லெவன்டோவ்ஸ்கிதானே? கீழ் லீக்ல பார்க்க என்ன இருக்கு?

அந்த லெவன்டோவ்ஸ்கியே கீழ் லீக்கிலிருந்து வந்தவர்தான். 2006இல் காயத்துக்குப் பிறகு லெகியா வார்சாவின் இரண்டாம் அணி அவரை வேண்டாம் என்று விட்டது. வார்சாவை ஒட்டிய ப்ருஷ்குவ் ஊரின் ஸ்னிச் கிளப் எடுத்துக்கொண்டது. அப்போது ஸ்னிச் மூன்றாம் அடுக்கில் இருந்தது. முதல் சீசனில் 15 கோல் அடித்து அந்த அடுக்கிலேயே அதிக கோல் அடித்தவர் ஆனார், அணியும் மேலே ஏறியது. அடுத்த சீசன் இரண்டாம் அடுக்கில் 21 கோல், அங்கேயும் அவரே முதலிடம். 2008இல் லெஹ் போஸ்னான் வாங்கிக்கொண்டு போனது.

எதிர்த்திசையிலும் ஆள் போவதுண்டு. ஜெர்மனியின் டார்ட்முண்டில் பதினொரு வருடம் ஆடிய வூகாஷ் பிஷ்செக் 2021இல் அங்கிருந்து கிளம்பி நேராகத் தன் சொந்த ஊரான கொச்சவ்கோவிட்செ-ஸ்ட்ருய் கிளப்புக்கு வந்து நான்காம் அடுக்கில் ஆடினார். சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் ஆடிய மனிதர், வார இறுதியில் உள்ளூர்க்காரர்களோடு ஆடியதைச் சில அடி தூரத்தில் நின்று பார்க்க முடிந்தது. எனக்கு இது போதும்.

க்ரோஜிஸ்க் எங்க இருக்கு? எவ்வளவு சின்ன ஊர்?

மேற்குப் போலந்தில், போஸ்னான் நகரத்துக்குத் தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறக்குறைய 14,000. கால்பந்துக்கு முன்பே இந்த ஊருக்கு வேறொரு பெயர் இருந்தது: புகையில் வாட்டிய கோதுமையிலிருந்து காய்ச்சும் க்ரோஜிஸ்கியே பீர். 1993இல் அது நின்றுபோய், பிறகு 2015இல் மறுபடி காய்ச்ச ஆரம்பித்தார்கள். இந்த ஊரில் விட்டுப்போனது திரும்பி வருவது புதிதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

டிஸ்கொபோலியா கிளப் தொடங்கியது 1922இல். வட்டெறியும் கிரேக்க வீரனின் சிலை இருக்கிறதல்லவா, அதிலிருந்து வந்த பெயர். எழுபது வருடத்துக்கும் மேல் அந்த வட்டாரத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாத கிளப்பாகவே இருந்தது.

லீக் கணக்கே புரியல. முதல் லீகான்னா அதுதான் உச்சம் இல்லையா?

இல்லை, எல்லோரும் முதலில் தடுக்கி விழும் இடம் இது. உச்சத்தில் இருப்பது எக்ஸ்ட்ராக்லாசா. அதற்குக் கீழே இருக்கும் இரண்டாம் அடுக்கின் பெயர்தான் முதல் லீகா. மூன்றாம் அடுக்கு இரண்டாம் லீகா, நான்காம் அடுக்கு மூன்றாம் லீகா. அதாவது பெயரில் இருக்கும் எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 2008இல் பெயர்களை மாற்றியபோது வந்த வினை இது. அதற்கு முந்தைய பதிவுகளைப் படிக்கும்போது கூட்டக் கூடாது. லெவன்டோவ்ஸ்கி 2006-07இல் மூன்றாம் லீகாவில் ஆடினார் என்று எழுதியிருந்தால் அது உண்மையாகவே மூன்றாம் அடுக்குதான்.

முதல் மூன்று அடுக்குகளும் நாடு முழுவதுக்கும் ஒரே லீக், ஒவ்வொன்றிலும் 18 அணிகள். மூன்றாம் லீகா நான்கு குழுக்களாகப் பிரியும், ஒரு குழுவுக்கு நான்கு மாகாணங்கள். நான்காம் லீகாவிலிருந்து ஆட்டம் மாகாணத்துக்குள் அடங்கிவிடும். அதற்கும் கீழே மாவட்ட அளவில் ஒக்ரெங்கோவா, பிறகு ஏ கிளாஸ், பி கிளாஸ். சில மாகாணங்களில் நான்காம் லீகாவுக்கும் ஒக்ரெங்கோவாவுக்கும் நடுவே ஐந்தாம் லீகா ஒன்றைச் செருகியிருக்கிறார்கள், சில இடங்களில் அது கிடையாது. பி கிளாஸுக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்துக் கிராமங்கள்தான் மோதிக்கொள்ளும்.

மான்செஸ்டர் சிட்டியைத் தோக்கடிச்சாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

தோற்கடிக்கவில்லை, வெளியேற்றினார்கள். 2003 நவம்பர், யூஇஎஃப்ஏ கோப்பை இரண்டாம் சுற்று. கெவின் கீகன் பயிற்சியாளராக இருந்த சிட்டி அணி அது. மான்செஸ்டரில் நடந்த முதல் ஆட்டத்தில் அனெல்கா ஆரம்பத்திலேயே கோல் போட்டார். இரண்டாம் பாதியில் செபாஸ்டியன் மிலா ஒரு ஃப்ரீ கிக்கைக் கோலாக்கி 1-1 ஆக்கினார். க்ரோஜிஸ்கில் நடந்த மறு ஆட்டம் 0-0. வெளியூரில் அடித்த கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற விதி அப்போது இருந்ததால் க்ரோஜிஸ்க் உள்ளே, சிட்டி வெளியே.

அதற்கு முந்தைய சுற்றில் பெர்லின் ஹெர்த்தாவையும் இதே கிளப் வெளியேற்றியிருந்தது: பெர்லினில் 0-0, சொந்த ஊரில் 1-0. மூன்றாம் சுற்றில் பிரான்ஸின் போர்தோ இரண்டு ஆட்டத்திலும் ஜெயித்துக் கதையை முடித்தது. பயிற்சியாளர் ஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த துஷான் ரதோல்ஸ்கி. மிலாவைப் பிற்பாடும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2014 அக்டோபரில் உலகச் சாம்பியன் ஜெர்மனியைப் போலந்து முதல்முறையாக, 2-0 என்று ஜெயித்தபோது இரண்டாவது கோல் அவருடையது.

அன்றைக்கு சிட்டி இன்றைய சிட்டி இல்லைதான். அதைச் சொல்லி இந்தச் சாதனையைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். சரி, அன்றைக்கு க்ரோஜிஸ்க் மட்டும் என்ன, 14,000 பேர் ஊர்தானே?

அவ்வளவு சின்ன ஊருக்கு அவ்வளவு பணம் எங்கேருந்து வந்துச்சு?

கார் இருக்கைகளிலிருந்து. ஸ்பிக்னியெவ் ட்ஜிமாவா என்ற தொழிலதிபரின் க்ரோட்ஸ்லின் நிறுவனம் கார் இருக்கைகளும் அவற்றுக்கான உறைகளும் தைத்துப் பெரிய கார் நிறுவனங்களுக்கு அனுப்பியது. கம்யூனிச ஆட்சி முடிந்த பிறகு வளர்ந்த தனியார் முதலாளிகளில் ஒருவர் அவர். உள்ளூர் கிளப்பைக் கையில் எடுத்தார், மைதானத்தைச் சீர்செய்தார், வீரர்களை வாங்கினார், கிளப்பின் பெயருக்கு முன்னால் நிறுவனத்தின் பெயரும் சேர்ந்தது. 1990களின் பிற்பாதியில் உச்ச அடுக்குக்கு ஏறிய அணி 2003, 2005 இரண்டு வருடமும் லீக்கில் இரண்டாமிடம் பிடித்தது. போலந்துக் கோப்பையை 2005இலும் 2007இலும் ஜெயித்தது.

டிக்கெட் விற்று வந்த பணம் இதில் பெரிதாக இருந்திருக்க வழியில்லை. மைதானத்தில் ஐயாயிரம் சொச்சம் பேர் உட்காரலாம், அதாவது ஊரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தினமும் அது நிறைந்தாலும் ஐரோப்பியக் கோப்பைக்கான வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது.

அப்புறம் ஏன் காணாம போனாங்க?

முதலாளிக்குப் போதும் என்று தோன்றியது. 2008இல் எக்ஸ்ட்ராக்லாசா இடத்தைத் தலைநகரின் போலோனியா வார்சாவுக்கு விற்றுவிட்டார். போலோனியாவின் உரிமையாளர் வீடு கட்டி விற்கும் தொழிலதிபர் யூசெஃப் வொய்ச்சியெஹோவ்ஸ்கி. அவருக்கு இரண்டாம் அடுக்கில் காத்திருக்கப் பொறுமை இல்லை. வீரர்களும் லைசென்ஸும் வார்சாவுக்குப் போக, லீக்கில் மூன்றாமிடம் பிடித்த ஊருக்கு அடுத்த சீசன் கீழ் லீக் ஆட்டம்தான் மிஞ்சியது.

வாங்கியவருக்கும் அது ஒட்டவில்லை. வொய்ச்சியெஹோவ்ஸ்கி 2012இல் கிளப்பை விற்றார், 2013இல் போலோனியாவுக்கு லைசென்ஸ் மறுக்கப்பட்டு அந்த அணி ஐந்தாம் அடுக்கிலிருந்து மறுபடி தொடங்கியது. க்ரோஜிஸ்கில் உள்ளூர்க்காரர்கள் நாஷா டிஸ்கொபோலியா, அதாவது நம்ம டிஸ்கொபோலியா, என்ற பெயரில் கிளப்பைத் தொடர்கிறார்கள். பிராந்திய லீக்குகளில் ஆடுகிறது. இந்த முறை பெயருக்கு முன்னால் கம்பெனி இல்லை.

வேற ஊர்லயும் இப்படி நடந்திருக்கா?

க்ரோஜிஸ்கிலிருந்து அதிக தூரமில்லாத வ்ரோன்கியில் நடந்தது. அதுவும் பன்னிரண்டாயிரத்துக்கும் குறைவானவர்கள் இருக்கும் ஊர். அங்கே அடுப்பு செய்யும் அமிகா நிறுவனம். அமிகா வ்ரோன்கி 1998, 1999, 2000 என்று தொடர்ந்து மூன்று முறை போலந்துக் கோப்பையை ஜெயித்தது. 2006இல் லெஹ் போஸ்னானோடு இணைக்கப்பட்டு மறைந்தது. மைதானத்தையும் பயிற்சித் திடல்களையும் லெஹ் தன் இளையோர் அகாடமிக்கு வைத்துக்கொண்டது, ஆகவே வ்ரோன்கியில் இன்னும் நல்ல கால்பந்து உண்டு, ஊருக்கென்று பெரிய அணி மட்டும் இல்லை.

இன்னும் முடிந்துவிடாத கதை நியெச்சேச்சாவினுடையது. சுமார் 700 பேர் வசிக்கும் கிராமம். தரைக்கற்கள் செய்யும் ப்ரூக்-பெட் நிறுவனத்தின் விட்கோவ்ஸ்கி தம்பதி கிளப்பை நடத்துகிறார்கள். 2015, 2021, 2025 என்று மூன்று முறை எக்ஸ்ட்ராக்லாசாவுக்கு ஏறியிருக்கிறது. ஊர் மக்கள் எல்லோரும் குழந்தை குட்டியோடு வந்தாலும் மைதானத்தில் பாதிகூட நிறையாது. க்ரோஜிஸ்கைப் பார்த்தவர்களுக்கு இங்கே ஒரு பயம் இருக்கும், எனக்கும் இருக்கிறது.

கம்பெனி முதலாளி இல்லாம சின்ன ஊர் மேல வரவே முடியாதா?

முடியும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் க்ராக்குவ் பக்கத்திலுள்ள நியெபொவொமிட்செயின் புஷ்ச்சா கிளப். காட்டோரத்து ஊர், 1923இல் தொடங்கிய கிளப். 2015இலிருந்து தொமாஷ் துவாச் பயிற்சியாளராக இருந்தார். போலந்தில் ஒரே கிளப்பில் இத்தனை வருடம் ஒரு பயிற்சியாளர் தாக்குப்பிடிப்பது அபூர்வம். 2023இல் முதல் லீகா ப்ளே-ஆஃப் அரையிறுதியில், பதின்மூன்று முறை சாம்பியனான விஸ்வா க்ராக்குவை அவர்கள் மைதானத்திலேயே 4-1 என்று நொறுக்கியது. இறுதியில் 3-2 என்று ஜெயித்தது, அதுவும் நியெச்சேச்சாவை, அவர்கள் ஊரிலேயே.

நீளமான த்ரோ-இன், கார்னர், ஃப்ரீ கிக் என்று நின்ற பந்தில் கோல் தேடும் ஆட்டம். பார்க்க அழகில்லை என்று பலர் முகம் சுளித்தார்கள். எக்ஸ்ட்ராக்லாசாவில் இரண்டு சீசன் தாக்குப்பிடித்து 2025இல் இறங்கியது. சொந்த மைதானம் விதிகளுக்குப் பொருந்தாததால் முதலில் க்ராக்குவில் க்ராகோவியாவின் மைதானத்தைக் கடன் வாங்கித்தான் ஆடியது.

ஏன் எல்லா கிளப்புக்கும் ஸ்டால், குர்னிக்னு ஒரே பேரு?

கம்யூனிசக் காலத்தில் கிளப்புகளைத் தொழில்வாரியாகப் பிரித்துத் தொழிற்சாலைகளோடும் துறைகளோடும் இணைத்தார்கள். உலோக, எந்திரத் தொழிலுக்கு ஸ்டால், சுரங்கத்துக்கு குர்னிக், ரயில்வேக்கு கொலெயாஷ், கிராமங்களுக்கு எல்இசட்எஸ். விமானத் தொழிற்சாலை இருந்த மியெலெட்ஸ் ஊரின் ஸ்டால் 1973, 1976 ஆண்டுகளில் நாட்டின் சாம்பியன். 1974 உலகக் கோப்பையில் 7 கோல் அடித்து அதிக கோல் அடித்தவரான க்ஷெகோஷ் லாட்டோ அந்த அணிக்காரர். ஆக, சின்ன ஊர், பெரிய ஆலை, நல்ல அணி என்ற ஏற்பாட்டை ட்ஜிமாவா கண்டுபிடிக்கவில்லை. முன்பு அரசு செய்ததை அவர் தன் பணத்தில் செய்தார்.

கீழ் லீக் ஆட்டக்காரங்களுக்குச் சம்பளம் உண்டா?

இரண்டாம் லீகா வரை தொழில்முறை ஆட்டக்காரர்கள். மூன்றாம் லீகாவில் கலவை: சில கிளப்புகள் முழுச் சம்பளம் கொடுக்கும், சில பெட்ரோல் செலவோடு நிறுத்திக்கொள்ளும். அதற்குக் கீழே பெரும்பாலானவர்கள் பகலில் வேலைக்கோ கல்லூரிக்கோ போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள். கிளப்பே ஒரு பதிவு செய்த சங்கமாகத்தான் இருக்கும். மைதானம் பெரும்பாலும் உள்ளாட்சியினுடையது, வருடா வருடம் உள்ளாட்சி தரும் மானியம்தான் முதுகெலும்பு. மிச்சத்துக்கு ஊர்க் கடைக்காரர்களின் விளம்பரப் பலகை, பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் கட்டும் மாதக் கட்டணம். தேர்தலில் மேயர் மாறினால் கிளப்பின் பட்ஜெட்டும் மாறலாம்.

அந்தக் குளிர்ல எப்படி ஆடறாங்க?

ஆடுவதில்லை. சீசனை இலையுதிர்ச் சுற்று, வசந்தச் சுற்று என்று இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். கீழ் லீக்குகளில் நவம்பர் நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க மார்ச் ஆகிவிடும்.

நான் போலந்துல படிக்கிறேன். ஒரு மேட்ச் பார்க்கணும்னா என்ன செய்யணும்? அடிதடி இருக்குமா?

போலந்துக் கால்பந்துச் சங்கத்தின் வொன்ச்சி நாஸ் பிவ்கா தளத்தில் பி கிளாஸ் வரை அட்டவணை கிடைக்கும். உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் போதும். ஆட்டம் சனி, ஞாயிறுகளில். கீழ் அடுக்குகளில் பல இடங்களில் டிக்கெட்டே கிடையாது. வறுத்த சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு வேலியோரம் நிற்கலாம், சில இடங்களில் கீல்பாசா என்ற தொத்திறைச்சியைச் சுட்டுத் தருவார்கள்.

முரட்டு ரசிகர் குழுக்கள் இல்லை என்று சொல்ல மாட்டேன். சின்ன ஊர்களிலும் உண்டு. உள்ளூர் அணியோடு பக்கத்துப் பெருநகரக் கிளப்புக்கும் விசுவாசமாக இருப்பவர்கள் பலர். எந்தக் கிளப்போடு எந்தக் கிளப் ரசிகர்களுக்கு நட்பு, எதோடு பகை என்று நீளமான கணக்கு இருக்கிறது. பகையுள்ள இரண்டு அணிகள் மோதும் நாளைத் தவிருங்கள், வேறு கிளப்பின் ஸ்கார்ஃபைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். மற்ற நாள்களில் ஏ கிளாஸ் மைதானத்தில் அதிகம் கத்துபவர் கோல்கீப்பரின் அப்பாவாகத்தான் இருப்பார்.

கீழ் லீக் அணி போலந்துக் கோப்பைல எவ்வளவு தூரம் போக முடியும்?

மாவட்ட, மாகாணக் கோப்பைகளை ஜெயித்து வரும் 16 அணிகளுக்குத் தேசியச் சுற்றில் இடம் உண்டு. ஆக, கோட்பாட்டளவில் ஒரு கிராம அணிக்கும் இறுதிப் போட்டிக்கு வழி இருக்கிறது. இப்போது எல்லாச் சுற்றும் ஒரே ஆட்டம், அதுவும் வார்சாவில் நடக்கும் இறுதிப் போட்டி தவிர மற்றவை கீழ் அடுக்கு அணியின் ஊரில்.

இரண்டு ஆட்ட முறை இருந்த காலத்தில் நடந்ததுதான் நெஞ்சில் நிற்கும் கதை. 2015இல் மூன்றாம் அடுக்கிலிருந்த ஸ்டார்கார்டு ஊரின் ப்வென்கித்னி, காலிறுதியில் க்ராகோவியாவை வெளியேற்றியது. அரையிறுதி முதல் ஆட்டத்தில் லெஹ் போஸ்னானை 3-1 என்று ஜெயித்தது. போஸ்னானில் நடந்த மறு ஆட்டத்தில் கூடுதல் நேரம் வரை இழுத்து 5-1 என்று தோற்றது. அந்த சீசன் லெஹ்தான் லீக் சாம்பியன் ஆனது. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் சொந்த ஊரில் ஜெயித்த கையோடு ப்வென்கித்னி வார்சா இறுதிப் போட்டிக்குப் போயிருக்கும்.

போன வருஷம் பதிமூணாவது வந்த அணி தப்பிச்சுது, இந்த வருஷம் அதே இடம் வந்த அணி இறங்கிடுச்சு. விதியை மாத்திட்டாங்களா?

மாற்றவில்லை. கீழே எத்தனை அணிகள் இறங்கும் என்பது பிராந்திய லீக்குகளில் மேலிருந்து எத்தனை அணிகள் விழுகின்றன என்பதைப் பொறுத்தது. இரண்டாம் லீகாவிலிருந்து இறங்கும் அணி தன் மாகாணம் சேர்ந்த மூன்றாம் லீகா குழுவுக்குத்தான் வரும். ஒரே வட்டாரத்தைச் சேர்ந்த மூன்று அணிகள் ஒரே வருடம் விழுந்தால், அந்தக் குழுவில் இடம் விட வேறு சில அணிகள் கூடுதலாக இறங்க வேண்டும். அவை நான்காம் லீகாவுக்கு வந்தால் அங்கேயும் தள்ளுமுள்ளு. இப்படியே ஒக்ரெங்கோவா வரை போகும்.

அதனால்தான் ஜூன் மாதத்தில் சின்ன ஊர்க்காரர்கள் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு, இருநூறு கிலோமீட்டர் தள்ளி நடக்கும் யாரோ ஒருவரின் ஆட்டத்தை நகம் கடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். நடுவில் ஏதாவது ஒரு கிளப் பணமில்லாமல் விலகினால் இறங்கியவர் பிழைத்துக்கொள்வதும் உண்டு.

ஊழல் கேஸ்ல சின்ன ஊர்க் கிளப்பெல்லாம் மாட்டுச்சாமே?

மாட்டியது. 2005இல் வ்ரோட்ஸ்வாவ் அரசு வழக்கறிஞர்கள் தொடங்கிய விசாரணையில் நடுவர்கள், நிர்வாகிகள், ஆட்டக்காரர்கள் என்று நூற்றுக்கணக்கானவர்கள் மீது வழக்கு வந்தது. நிலக்கரிச் சுரங்க ஊரான லென்ச்னாவின் குர்னிக் 2007இல் எக்ஸ்ட்ராக்லாசாவிலிருந்து தண்டனையாகக் கீழே அனுப்பப்பட்டது. பெருநகரக் கிளப்புகளும் தப்பவில்லை, அதனால் இதைச் சின்ன ஊர் நோய் என்று சொல்வது நியாயமில்லை.

டிஸ்கொபோலியா திரும்ப எக்ஸ்ட்ராக்லாசாவுக்கு வருமா?

நான்காம் லீகாவிலிருந்து கணக்குப் போட்டாலே நான்கு முறை ஏற வேண்டும். அதற்கும் கீழிருந்தால் இன்னும் கூடும். வேகமாக ஏற முடியாது என்றில்லை: க்ராக்குவின் வியெச்சிஸ்தா 2020-21இல் ஒக்ரெங்கோவாவில் இருந்து 2025இல் முதல் லீகாவுக்கு வந்துவிட்டது. ஆனால் அதன் பின்னால் மருந்துக் கடைத் தொழிலில் சம்பாதித்த ஒரு பணக்காரர் இருக்கிறார். அந்த வழியை க்ரோஜிஸ்க் ஒருமுறை பார்த்தாயிற்று. என்னைக் கேட்டால், நியெபொவொமிட்செ போல மெதுவாக மூன்றாம் லீகா வரை வந்து அங்கே கால் ஊன்றினாலே பெரிது என்பேன்.

ஒரு விசித்திரம் மட்டும் பாக்கி. 2020 முதல் 2024 வரை எக்ஸ்ட்ராக்லாசா ஆட்டங்கள் க்ரோஜிஸ்கில் நடந்தன. வார்ட்டா போஸ்னானின் சொந்த மைதானம் உச்ச அடுக்கு விதிகளுக்கு ஒத்துவராததால், அந்த அணி நான்கு சீசனும் தன் வீட்டு ஆட்டங்களை ட்ஜிமாவா சீர்செய்த இந்த மைதானத்தில் ஆடியது. ஆக, மற்ற சின்ன ஊர்க் கிளப்புகள் ஏறும்போது முதலில் மாட்டிக்கொள்ளும் மைதானப் பிரச்சினை டிஸ்கொபோலியாவுக்குப் பெரிதாக இருக்காது. அணியும் பணமும்தான் வேண்டும்.